செவியன் தள்ளிய வார்த்தை

என் மைத்துனனை ஊருக்கே தெரியும். ஆனால் அவன் உடையைத் துவைத்துக் காயப்போடுகிற வீடு எங்கள் வீடுதான். அந்தப் பச்சை மேலங்கி சாயம் போகும் என்பதால் தனி வாளியில் ஊறவைக்க வேண்டும். பால்கனிக் கொடியில் அது தொங்கும்போது தெருவில் போகிற பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தபடி நிற்கும். பக்கத்தில் என் பனியனும் தொங்கும், அதை ஒரு நாயும் பார்க்காது.

பத்திரிகைக்காரர்கள் அவனுக்குச் செவியன் என்று பெயர் வைத்தார்கள். ஊரின் எந்த மூலையில் யார் முனகினாலும் அவன் காதில் விழும். விழுந்ததும் பறந்து போய் நிற்பான். பறப்பதை நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன், பறக்கிற ஆட்கள் மற்ற ஊர்களிலும் இருக்கிறார்களாம். அந்தக் காதுதான் வேறு யாருக்கும் கிடையாது.

அப்படி ஒரு காதை வைத்துக்கொண்டு மனுஷன் குடித்தனம் பண்ண முடியுமா? ஆரம்பத்தில் பையனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. தலையணையை இரண்டு பக்கமும் அழுத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடப்பான். கடைசியில் ஒரு காது டாக்டர்தான் வழி சொன்னார். காதுக்குள் ஒரு சல்லடை இருப்பதாக நினைத்துக்கொண்டு, வேண்டாத சத்தங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடப் பழக்கினார். ஒரு சத்தத்தைத் தள்ளிவிட்டால் பிறகு அது பக்கத்தில் நின்று கத்தினாலும் அவன் மனசுக்கு எட்டாது. குக்கர் விசில், ஹாரன், நாய்க் குரைப்பு, போன் மணி என்று தள்ளிக்கொண்டே வந்து ஒருவழியாக மனுஷனானான். "காப்பாத்துங்க", "ஐயோ", "செவியா", குழந்தை அழுகை, இவையெல்லாம் சல்லடையில் நின்றன. போதாதா? போதும் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

அவன் கட்டிக்கொண்ட பெண் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தாள். வருகிற பழப்பெட்டிகளைப் பிரித்து, அழுகலைக் கழித்து, நல்லதற்கு முத்திரை குத்துகிற வேலை. எனக்குத் தங்கச்சி முறை. வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். அவள் சமையலறையிலிருந்து "என்னங்க" என்று கூப்பிடுவாள். இவன் திரும்பவே மாட்டான். ஊர் முழுக்கக் கேட்கிறவனுக்குப் பொண்டாட்டி கூப்பிட்டால் மட்டும் காது அடைத்துக்கொள்கிறது என்று நான் கிண்டல் பண்ணுவேன். எந்தப் புருஷன் முதல் கூப்பாட்டில் எழுந்திருக்கிறான், நான் எழுந்ததுண்டா? அவளும் கரண்டியோடு வந்து அவன் முதுகில் ஒன்று வைத்துவிட்டுப் போவாள். எல்லோரும் சிரிப்போம்.

அப்புறம் ஒரு நாள் அவள் இல்லை. அம்மா இல்லாத பெண், அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள், இனி வர மாட்டாளாம் என்று என் மனைவிதான் வந்து சொன்னாள். கொஞ்ச நாளிலேயே மைத்துனன் டிவியில் போய் உட்கார்ந்தான். அந்தப் பேட்டியைப் பார்க்காத ஆளே ஊரில் கிடையாது. "அன்னைக்கு நல்ல மழை. அவ வேலை முடிஞ்சு வருவான்னு கிடங்கு கேட்ல நின்னேன். ஊர்ல அத்தனை பேர் மூச்சும் எனக்குக் கேக்குது. அவ காலடி மட்டும் கேக்கல. பின்வாசல் வழியாப் போயிட்டா" என்றான். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தான். பேட்டி எடுத்த அம்மாள் கண்ணைத் துடைத்தாள். ஊரே துடைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் யாராவது அவனைக் கூப்பிட்டு அதே கதையைச் சொல்ல வைப்பார்கள், அவனும் சொல்வான். ஊர் அவளுக்கும் ஒரு பெயர் வைத்தது: பின்வாசல்காரி. அந்தப் பெயரை நானும் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். டிவியில் செய்தி ஓடியது. ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துகிற அடித்தளத்தில் மழைத்தண்ணீர் புகுந்து, ஒரு அம்மாள் காருக்குள் மாட்டிக்கொண்டாளாம். தீயணைப்புக்காரர்கள் கண்ணாடியை உடைத்து வெளியே எடுத்திருக்கிறார்கள். போர்வையைச் சுற்றிக்கொண்டு நடுங்கியபடி நின்றவளிடம் ஒருத்தி மைக்கை நீட்டினாள்.

"செவியன் வரலையாம்மா?"

"வரல. தொண்டை கிழியக் கத்தினேன்."

"என்னன்னு கத்தினீங்க?"

"என்னங்க, என்னங்கன்னுதான். எங்க வீட்டுக்காரர் மேலதானே இருந்தார். அந்தப் பதட்டத்துல வேற என்ன வாயில வரும்?"

திரையின் அடியில் ஓடிய எழுத்தைப் படித்துவிட்டு மைத்துனன் சிரித்துவிட்டான். "என்னங்கன்னு கத்தினா நான் எங்கேருந்து வர்றது? அதைத்தான் எப்பவோ தள்ளிட்டேனே."

"எதைத் தள்ளிட்டே?" என்றாள் என் மனைவி.

"அந்த வார்த்தையத்தான்க்கா. சாயங்காலம் ஆனா போதும், எல்லா வீட்டிலேருந்தும் அதே. என்னங்க பால் தீந்துபோச்சு, என்னங்க குழாய் ஒழுகுது. மண்டையே வெடிச்சிடும். கல்யாணத்துக்கு முன்னாடியே தள்ளிட்டேன்."

நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. எழுந்து போய் டிவியை அணைத்தாள். திரும்பி வந்தவள் உட்காரவும் இல்லை.

"அப்போ கதவு தடிமன்னு இல்லையா?" என்று கேட்டாள்.

"எந்தக் கதவு?"

"உன் பொண்டாட்டி உன்னை எப்படிடா கூப்பிடுவா?"

அவன் வாயைத் திறந்தான். யோசித்தான். பிறகு சொன்னான். "அவ என்னைக் கூப்பிட்டதே இல்லியேக்கா. வந்து முதுகுல தட்டுவா."

என் மனைவி முகத்தைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்ததைக் கொட்டினாள்.

அன்றைக்கு அவன் கேட்டில் நின்றபோது அவள் கிடங்குக்குள்தான் இருந்தாள். கடைசியாக ஒரு பெட்டியைப் பார்க்க உறைநிலை அறைக்குள் போயிருக்கிறாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து திறக்கிற கைப்பிடி பழுதாகியிருந்தது, போன் வெளியே பையில் இருந்தது. அவளுக்கு முதலில் பயமே இல்லை. வாசலில் வந்து நிற்கிறேன் என்று புருஷன் அப்போதுதான் போனில் சொல்லியிருந்தான், அதுவும் எப்பேர்ப்பட்ட காதுக்காரன். காப்பாத்துங்க என்று புருஷனைப் பார்த்து யாராவது கத்துவார்களா? வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே அந்த இரும்புக் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஷிப்டுக்காரர்கள் வந்து திறந்தபோது மயங்கிக் கிடந்தாள். குளிரில் விறைத்து வலது கையில் மூன்று விரல் நுனிகள் போயின. லாரிகள் போகிற பின்வாசல் வழியாகத்தான் ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குள் இவன் கோபித்துக்கொண்டு பறந்துவிட்டான். கம்பெனிக்காரர்கள் தங்கள் பெயர் கெட்டுவிடும் என்று விஷயத்தை அமுக்கிவிட்டார்கள்.

"ஆஸ்பத்திரியில என் கையைப் புடிச்சு சத்தியம் வாங்கினா. கதவு தடிமன் அண்ணி, அதான் அவருக்குக் கேக்கல, சொல்லிடாதீங்கன்னா. தன் காது தோத்துப்போச்சுன்னு தெரிஞ்சா அப்புறம் தைரியமா எந்தக் கூப்பாட்டுக்கும் போக மாட்டார், ஊருக்கு ஆள் வேணும்னு சொன்னா. கை கொஞ்சம் ஆறட்டும், நானே வந்து பக்குவமாச் சொல்றேன், அதுவரைக்கும் அப்பா வீட்ல இருக்கேன்னா. அவ வர மாட்டான்னு நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன், நீ தேடிப் போய் அந்தக் கையைப் பார்த்துடுவியேன்னு. அதுக்குள்ள நீ டிவியில போய் உக்காந்துட்டே. அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவ வருவா?"

"இத்தனை வருஷமா என்கிட்டகூடச் சொல்லலையே" என்றேன். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"உங்ககிட்டச் சொன்னா வேன்ல ஏத்துற சோபாகிட்டகூடச் சொல்லிடுவீங்க."

நான் வாடகை வேன் ஓட்டுகிறவன். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவேன். அவள் சொன்னது உண்மைதான். மைத்துனன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது நுனி சிவந்துபோயிருந்தது. எத்தனையோ தீயிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் ஆட்களைத் தூக்கி வந்த ஆள், எச்சில் கையோடு, எழுந்திருக்கக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

மறுநாள் காலையில் என் வேன் பக்கத்தில் வந்து நின்றான். என்னுடைய பழைய சட்டையைப் போட்டிருந்தான். "பறந்து போய் இறங்கற மூஞ்சியா அத்தான் இது? வேன்லயே கூட்டிட்டுப் போங்க" என்றான்.

வழியெல்லாம் ஜன்னலோரம் குன்றிப்போய் உட்கார்ந்திருந்தான். பாதி வழியில் தானாகவே சொன்னான். "வாட்ச்மேன், பின்வாசல்ல போயிருப்பாங்கன்னுதான் சொன்னார் அத்தான். அவர் பார்க்கல, குத்துமதிப்பாச் சொன்னார். நான்தான் டிவியில, அவ போயிட்டான்னு சொன்னேன். அப்படிச் சொன்னாத்தான் கேக்க நல்லா இருந்துச்சு."

நான் ரோட்டைப் பார்த்து வேனை ஓட்டினேன்.

அடுத்த ஊரில், பஸ் நிலையத்துக்கு எதிரே அவள் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். விலாசம் என் மனைவி கொடுத்தது, அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒரு ஆள் நடமாடுகிற அளவு இடம். இரண்டு மெஷின்கள், அடுக்கிய காகிதக் கட்டுகள், பசை வாசனை. அவள் இடது கையால் மெஷின் மூடியைத் தூக்கி, வலது உள்ளங்கையால் காகிதத்தை நகர்த்திக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்றது.

"வாங்கண்ணா. அண்ணி நல்லாருக்காங்களா?" என்றாள். அவனைப் பார்த்து, "நீங்களும் வாங்க" என்றாள். வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல்தான்.

நின்றபடியே அவன் சொன்னான். "அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டா. ஆனா உனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. கதவு தடிமன் இல்ல. அந்த வார்த்தையை நான் தள்ளி வெச்சிருந்தேன். என்னங்கன்னு யார் கூப்பிட்டாலும் எனக்குக் கேக்காது."

அவளுக்கு உடனே விளங்கவில்லை. மெஷின் பாட்டுக்குக் காகிதத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"வீட்லயும் கேக்காதா?" என்று கேட்டாள்.

"வீட்லயும்."

"நான் ஒரு தடவை கூப்பிட்டதுகூட?"

"ஒரு தடவைகூடக் கேட்டதில்ல."

அவள் மெஷினை நிறுத்தினாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "கதவு மேல பழியைப் போட்டுட்டு நிம்மதியா இருந்தேன்" என்றாள். "இத்தனை நாள் உங்களை நினைச்சப்பல்லாம் பாவம், அவர் என்ன பண்ணுவார், கதவு அப்படின்னு சொல்லிக்குவேன். அதையும் புடுங்கிட்டீங்க."

அவன் தலை அப்படியே தொங்கிப்போயிற்று. "நாளைக்கே டிவியில போய் எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"வேணாம். நீங்க அழுவீங்க, அந்தம்மா கண்ணைத் தொடைக்கும், ஊரு உங்களைப் பார்த்து ஐயோ பாவம்னு உச்சுக் கொட்டும். என் கை போன கதையிலயும் நீங்கதான் பாவமா? ஊருக்குச் சொல்றதா இருந்தா அண்ணா சொல்லட்டும், அவருக்கு எப்படியும் வாய் சும்மா இருக்காது."

அதனால்தான் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் கொடுத்த வேலை இது.

"அப்போ நான் என்னதான் பண்றது?" என்று கேட்டான்.

அவள் வலது கையை மடியில் வைத்துக்கொண்டாள். "எங்கப்பாகிட்டச் சொல்லுங்க. உங்க பேட்டி வந்த அன்னைக்கு, கடைக்குப் போயிட்டு வந்தவளை உள்ளே விடல. அதுவரைக்கும் கை கதவுல நசுங்கிடுச்சுன்னுதான் அவர்கிட்டச் சொல்லி வெச்சிருந்தேன். வாசல்ல நின்னு நடந்ததைச் சொன்னேன். கையைக் காட்டினேன். நம்பல. ஊரு முழுக்கக் கேக்கறவனுக்கு நீ கூப்பிட்டது மட்டும் கேக்கலியாடி, கதை கட்டாதேன்னார். அவர் கேக்கறதும் நியாயந்தானே? வேற யார் சொன்னாலும் நம்ப மாட்டார். நீங்க சொன்னாத்தான் உண்டு. அந்த வீட்டுக்குள்ள நான் போகணும். வேற எதுவும் எனக்கு உங்ககிட்ட வேணாம்."

பெரியவர் எங்கள் ஊரில்தான் இருக்கிறார். நெசவு ஆலையில் காலமெல்லாம் வேலை பார்த்து, தறிச் சத்தத்தில் காது போனவர். காதில் மிஷின் மாட்டியிருப்பார். எதிரெதிரே வீடுகள் நெருங்கிய சந்து, தரைத்தளத்தில் அவர் வீடு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மைத்துனனைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"மாப்பிள்ளை, வாங்க வாங்க. சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனே."

உள்ளே சுவரில் செவியனின் படம், பேப்பரிலிருந்து வெட்டிச் சட்டம் போட்டது. அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை. மைத்துனன் அதைப் பார்த்துவிட்டான். வாசலைத் தாண்டி உள்ளே வர அவனுக்குக் கால் வரவில்லை.

பெரியவர் கும்பிட்டார். "என் பொண்ணு உங்களுக்குப் பண்ணினதை நினைச்சா எனக்கு இன்னும் தலை நிமிர முடியல மாப்பிள்ளை. உங்க முன்னாடி நிக்கவே வெக்கமா இருக்கு."

மைத்துனன் அவர் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினான். "மாமா, அவ எதுவும் பண்ணல. அவ உள்ளே மாட்டிக்கிட்டு என்னைக் கூப்பிட்டா. எனக்குக் கேக்கல" என்றான். குரல் எழும்பவில்லை.

பெரியவர் காதைச் சாய்த்தார். "என்ன சொல்றீங்க? கேக்கல. சத்தமாச் சொல்லுங்க மாப்பிள்ளை."

அவன் மறுபடி, கொஞ்சம் உரக்கச் சொன்னான். கேட்டில் நின்றதைச் சொன்னான், அவள் கூப்பிட்டதைச் சொன்னான், அந்த வார்த்தையைத் தள்ளி வைத்திருந்ததைச் சொன்னான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தண்ணீர்க் கேனோடு போன ஒருத்தர் நின்றார். செவியன் வந்திருக்கிறான் என்று யாரோ உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்கள்.

"கேக்கல. சத்தமாச் சொல்லு" என்றார் பெரியவர்.

"சொல்லுங்க" போய் "சொல்லு" ஆனது என் காதில் விழுந்தது. மைத்துனனுக்கும் விழாமலா இருக்கும்? அவன் ஒரு தடவை சந்துப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மாடிப்படியில் இரண்டு பேர், ஜன்னல்களில் முகங்கள், யாரோ போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நான் அவன் தோளைத் தொட்டு, உள்ளே போய்ப் பேசலாம் என்றேன். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டான். ஊரே கேட்கிற மாதிரி, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினான்.

"அவ பின்வாசல்ல போகல மாமா. கதவுக்குப் பின்னாடி விறைச்சுக்கிட்டு என்னைத்தான் கூப்பிட்டுக்கிட்டிருந்தா. நான் அவளுக்குக் காதை அடைச்சு வெச்சிருந்தேன். டிவியில நான் சொன்னது பொய். அவ விரல் போனதுக்கு நான்தான் காரணம். உங்க வாசல்ல நின்னு அவ சொன்னது அத்தனையும் நிஜம்."

எனக்கு மேலெல்லாம் கூசியது. அவனுக்காகக் கூசியதா, என் மனைவிக்காகவா, அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்த எனக்காகவா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பெரியவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். காதிலிருந்து மிஷினைக் கழற்றிப் பார்த்தார். அதில் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரும்ப மாட்டிக்கொண்டார்.

"மொதல் தடவையே கேட்டுச்சு" என்றார்.

மைத்துனன் மூச்சு வாங்கியபடி நின்றான். "அப்புறம் ஏன் மாமா?"

"இதே இடத்துல நின்னு அவ என்கிட்ட மூணு தடவை சொன்னா. கேக்கல போடின்னு சொல்லிட்டுக் கதவைச் சாத்தினேன்." அவர் காதைத் தொட்டுக் காட்டினார். "அன்னைக்கும் மிஷின் காதுலதான் இருந்துச்சு."

பிறகு அவர் எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். மைத்துனன் பக்கம் திரும்பவே இல்லை. வேன் எங்கே நிற்கிறது என்று என்னிடம் கேட்டார்.